மணிலாவில் ஆறு நாள்: ஆட்டத்தை எழுதிவைத்தவரைத் தேடி

மே 14, 2025, புதன் – மணிலா

கதவு மூடியிருந்தது. மணிலா விரிகுடாவின் கரையில், கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கும் பிலிப்பைன்ஸ் கலாசார மையத்தின் கதவு. லியாண்ட்ரோ லொக்சின் வடிவமைத்து 1969 செப்டம்பரில் திறந்த கட்டடம் அது. அவ்வளவு பெரிய கற்பாளம் தூண் இல்லாமல் மிதப்பதுபோல் இருக்கும் அதன் படத்தை எத்தனையோ வருடமாகப் பார்த்து வைத்திருந்தேன். சீரமைப்புக்காக 2023லிருந்தே மூடிவைத்திருக்கிறார்கள். புறப்படும் முன் நான்தான் விசாரித்திருக்க வேண்டும். டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் பத்து முறை சரிபார்த்தவள் இதை விட்டுவிட்டேன்.

வாயிலில் இருந்த காவலர் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். இன்னொரு நாற்காலி எங்கிருந்தோ வந்தது. பக்கத்தில் சிறிய அரங்கம் ஒன்று இயங்குகிறது, ஆனால் நாங்கள் இருக்கும் நாட்களில் அங்கே நிகழ்ச்சி இல்லை என்று கைப்பேசியில் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'போ'. இங்கே 'போ' என்றால் மரியாதை. நம் ஊர் 'ங்க' போல ஒட்டிக்கொண்டு வரும். முதல் இரண்டு முறை காதில் விழுந்தபோது பாட்டு டீச்சர் திடுக்கிட்டுத்தான் போனார்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். என்னோடு வந்தவர் அதே பள்ளியின் பாட்டு ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் அழைத்துக்கொள்கிறோம். ஆண்டு விழா வந்தால் கும்மியும் கோலாட்டமும் என் பொறுப்பு, பாட்டு அவர் பொறுப்பு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி முகாமில் மூங்கில் நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். 'இது பிலிப்பைன்ஸ் நாட்டின் தினிக்லிங்' என்று பயிற்சியாளர் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தை எத்தனை நூறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேனோ தெரியாது. அதை முதன்முதலில் தேடி எழுதிவைத்தவரும் என்னைப்போல ஒரு உடற்கல்வி ஆசிரியைதான் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ என்று பெயர். அன்றே முடிவு செய்துவிட்டேன், வர வேண்டும் என்று.

வெயில் நம் அக்கினி நட்சத்திரத்துக்குக் குறைந்ததல்ல, ஈரம் மட்டும் இருமடங்கு. திங்கட்கிழமைதான் தேர்தல் முடிந்திருக்கிறது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் வேட்பாளர்களின் சிரித்த முகங்கள் இன்னும் தொங்குகின்றன. தோளில் அலுமினியத் தூக்குகள் சுமந்தவர் 'தஹோ' என்று நீட்டிக் கூவிக்கொண்டு வந்தார். சூடான சோயாப் பாலாடையின் மேல் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். கோப்பை முப்பது பெசோ, நம் பணத்தில் நாற்பத்தைந்து ரூபாய்க்குச் சற்று மேல். பாட்டு டீச்சர் இரண்டு கோப்பை சாப்பிட்டார். நல்லவேளை, ஏனென்றால் இரவுச் சாப்பாடு அவருக்கு இல்லாமல் போய்விட்டது. சைவ உணவு என்று கேட்டதற்குப் பினாக்பெத் என்ற கூட்டு வந்தது. கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய், பூசணி, காராமணி. தட்டைப் பார்த்ததும் அம்மா வீட்டுக்கு வந்தது போல அவருக்கு ஒரு முகமலர்ச்சி. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, இறால் விழுது போட்டுக் கிளறியிருக்கிறார்கள். இங்கே அது உப்பு மாதிரி. பரிமாறிய பெண் கண் கலங்கும் அளவுக்கு வருத்தப்பட்டு, வெறும் சோறும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்து, பணம் வாங்க மறுத்துவிட்டாள்.

மே 15, வியாழன் – இன்ட்ராமுரோஸ், பிறகு மெட்

ஜீப்னியில் ஏறினோம், இங்கத்து ஷேர் ஜீப் அது. குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ. நடத்துநர் கிடையாது. பின்னால் உட்கார்ந்தவர் 'பயாத் போ' என்று சொல்லிக் காசை முன்னால் நீட்டுகிறார். அது ஆறு பேர் கை மாறி ஓட்டுநரிடம் போகிறது, மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு பெசோ குறையவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை.

ஸ்பானியர்கள் கட்டிய மதில் நகரம் இன்ட்ராமுரோஸ். 1945இல் நடந்த போரில் அனேகமாகத் தரைமட்டமானது. சாந்தியாகோ கோட்டைக்கு நுழைவு 75 பெசோ. எல்லாரும் இந்நாட்டின் தேசிய நாயகரான எழுத்தாளர் ஹோசே ரிசாலின் சிறை அறையைப் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் ராஜா சுலைமான் அரங்கம் எங்கே என்று கேட்டோம். இடிந்த படை முகாமின் சுவர்களையே மேடையாக்கிய திறந்தவெளி அரங்கம் அது. 1967இல் சிசில் கிடோட்டே என்ற இளம்பெண் பிலிப்பைன் கல்வி நாடகச் சங்கத்தைத் தொடங்கினார், சுருக்கமாக 'பேட்டா'. நாடகம் நாட்டு மொழியில் நடக்க வேண்டும், நாட்டு மக்களுக்காக நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1972இல் இராணுவச் சட்டம் வந்தபின் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சங்கம் நிற்கவில்லை, இந்த இடிபாடுகளுக்கு நடுவே தொடர்ந்து நாடகம் போட்டார்கள். சுவரில் ஆலஞ்செடி வேர்விட்டிருக்கிறது. கல் இன்னும் சூடாக இருந்தது.

இதே மதில் நகரின் அரோரா தோட்டத்தில்தான், 1955இல், நிக் வாக்கீன் எழுதிய நாடகம் முதலில் மேடையேறியது. போருக்கு முன் இன்ட்ராமுரோஸில் ஒரு பழைய வீட்டைக் கட்டிக்காக்கும் திருமணமாகாத இரு சகோதரிகளின் கதை. லம்பெர்டோ அவெல்யானாவும் அவர் மனைவி டெய்சியும் உருவாக்கிய பரங்காய் நாடகக் குழு அதை நடத்தியது. மூத்தவள் கேண்டிடாவாக டெய்சி நடித்தார். அழிந்துபோன ஊரைப் பற்றிய நாடகத்தை அழிந்துபோன அதே ஊரின் நடுவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் வீடு அங்கே இருந்திருக்கும் என்று எண்ணியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கணவன், மனைவி இருவருமே பின்னாளில் தேசியக் கலைஞர்கள் ஆனார்கள், லம்பெர்டோ 1976இல், டெய்சி 1999இல். கலைஞர்களுக்கு நாடு தரும் மிக உயர்ந்த பட்டம் அது.

மதியம் இரண்டு மணிக்கு வானம் கறுத்து, குடை விரிக்குமுன் கொட்டிவிட்டது. நனைந்தபடி மெட்ரோபாலிடன் அரங்கத்துக்கு ஓடினோம். மக்கள் 'மெட்' என்கிறார்கள். 1931இல் ஹுவான் அரெல்யானோ கட்டியது. ரோஜா நிறச் சுவர், உச்சியில் வரிசையாக ஊசிக் கோபுரங்கள். போரில் அடிபட்டு, பிறகு குத்துச்சண்டைக் கூடமாகி, கார் கொட்டகையாகி, நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்து, 2021 ஏப்ரலில்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால் முகப்புக் கூடத்தோடு சரி. உள்ளிருந்து பியானோ கேட்டது. ஒரு பெண் குரல் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு டீச்சர் ஈரச் சேலையோடு கதவோரம் நின்று முக்கால் மணி நேரம் கேட்டார். நகரவே மாட்டேன் என்றுவிட்டார்.

அங்கே நின்றபடி அவருக்கு ஆத்தாங் தெ லா ராமாவைப் பற்றிச் சொன்னேன். 1902இல் மணிலாவின் பண்டாக்கான் பகுதியில் பிறந்தவர். பதினைந்து வயதில் 'சர்சுவேலா' என்ற இசை நாடகத்தின் நாயகி. ஸ்பானியர் கொண்டுவந்த வடிவம்தான், ஆனால் 1902இல் செவெரினோ ரெயெஸ் முதலானோர் அதைத் தகாலோக் மொழியில் எழுதி மக்களுடையதாக்கிவிட்டார்கள். ஸ்பானியருக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சி பயந்தது. அவுரேலியோ டொலென்டினோ தன் நாடகத்துக்காக 1903இல் தேசத்துரோக வழக்கில் கைதானார். ஆத்தாங் நடித்த இசை நாடகம் 1919இல் படமானது. பிலிப்பைன்ஸ்காரர் தயாரித்த முதல் கதைப்படம் அதுதான், ஆனால் ஊமைப் படம். அதனால் படம் ஓடும்போது ஆத்தாங்கே கொட்டகையில் நின்று தன் பாட்டைப் பாடினார். திரையில் வாய் அசைய, பக்கத்தில் அவரே நின்று குரல் கொடுத்திருக்கிறார். பெரிய அரங்குகளில் மட்டுமல்ல, சேவற்சண்டைக் களங்களிலும் ஊர்ச் சதுக்கங்களிலும் பாடியவர். அவர் தேசியக் கலைஞரானது 1987இல், எண்பத்தைந்து வயதில். 'அத்தனை தாமதமாகவா?' என்று கேட்டுவிட்டுப் பாட்டு டீச்சர் மறுபடி உள்ளே காது கொடுத்தார்.

மே 16, வெள்ளி – லோலோம்பாய்

இந்தப் பயணத்தில் நான் உண்மையிலேயே வர விரும்பிய இடம். மணிலாவுக்கு வடக்கே புலக்கான் மாகாணம், பொகாவே ஊர், அதில் லோலோம்பாய் என்ற பகுதி. 1899இல் பிரான்சிஸ்கா ரெயெஸ் இங்கேதான் பிறந்தார். நெடுஞ்சாலை இரைச்சல், டயர் கடைகள், பொரித்த கோழி வாசனை. புனிதத் தலம் போல எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் நடந்த மண்ணில் சற்று நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, 'வாருங்கள்' என்று எங்கள் முன்னால் நடந்தார். கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். இங்கே எந்த ஊரிலும் கல்யாணம், கூட்டம், வெள்ள நிவாரணம் எல்லாமே இந்தக் கூரையின் கீழ்தான். ஒன்பது பெண்கள், யாரும் அறுபதுக்குக் குறைவில்லை, கையில் கண்ணாடி டம்ளர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பினாசுவான். பங்காசினான் மாகாணத்தின் பாயம்பாங் ஊர் ஆட்டம். பாதி அளவு தண்ணீர் ஊற்றிய டம்ளர் தலையில் ஒன்று, உள்ளங்கைகளில் ஒவ்வொன்று. கையை அக்குளுக்கு அடியில் செருகி, முதுகுப்பக்கம் சுழற்றி, தலைக்கு மேலே கொண்டுவருகிறார்கள், டம்ளர் கவிழ்வதில்லை. ஒரு பாட்டியின் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நரம்பு புடைத்த கை, முட்டியில் வாதத்தின் வீக்கம். அந்தக் கை திரும்பிய இடத்தில் டம்ளரின் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்று திரும்பிக்கொண்டது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவரிடம் ஒரு கோப்பு இருந்தது, ஓரம் பழுத்த நகல் தாள்கள். அக்கினோவின் புத்தகப் பக்கங்கள். நான் உட்கார்ந்து படித்தேன். முதலில் ஆட்டம் எந்த ஊருடையது என்று. அடுத்து உடை. அடுத்து இசை, அது எத்தனை பகுதி, ஓர் அளவில் எத்தனை எண்ணிக்கை. ஆடுவோர் எப்படி நிற்க வேண்டும், பார்வையாளர் எந்தப் பக்கம். பிறகுதான் ஆட்டம், முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று. வலது காலை முன்னே வை, எண்ணிக்கை ஒன்று. இடது காலை அருகில் கொண்டுவா, எண்ணிக்கை இரண்டு. கை எங்கே, தலை எந்தப் பக்கம் சாய்கிறது. முதுகுத்தண்டு சிலிர்த்தது. பார்த்தே இராத ஒருவர் இந்தத் தாளை வைத்து ஆடிவிடலாம். மணிக்கட்டிலிருந்து கையைச் சுழற்றுவதற்கு 'குமிந்தாங்' என்று பெயர். காலைக் குறுக்கே வைத்து, உடலை முன்னால் வளைத்து, கைகளைக் கீழே குறுக்காக வீசுவது 'சாரோக்'. பெயர்கள் ஊர் மக்களுடையவை. அவற்றைக் கேட்டு, வரையறுத்து, நாட்டுக்கே பொதுவாக்கியவர் அவர்.

1926இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாக நாட்டார் ஆட்டங்களையும் விளையாட்டுகளையும் தொகுத்துக் கொடுத்தார். அன்று பள்ளிகளில் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டங்கள்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டன. 1934இல் பல்கலைக்கழகத் தலைவரான ஹோர்ஹே பொகோபோ, பாட்டும் ஆட்டமும் அழியுமுன் திரட்டச் சொல்லி ஊர் ஊராக அனுப்பினார். பிரான்சிஸ்கா அடவை எழுதினார், உடன் போன அன்டோனியோ புவெனவென்டுரா இசையைக் குறித்துக்கொண்டார். இதைக் கேட்டதும் பாட்டு டீச்சர் என் தோளைத் தட்டி, 'அது நாம் இரண்டு பேர் டீச்சர்' என்றார். ஆம். நாங்கள் செய்திருக்க வேண்டியது.

பிறகு மூங்கில் கழிகளை எடுத்தார்கள். தினிக்லிங் லெய்தே தீவின் ஆட்டம். டிக்லிங் என்பது கானாங்கோழி இனத்துப் பறவை, வயலில் மூங்கில் கண்ணிகளுக்குத் தப்பித் தாவும். மூன்று எண்ணிக்கை. ஒன்றில் கழிகள் ஒன்றோடொன்று மோதும், இரண்டிலும் மூன்றிலும் விலகிக் கீழே உள்ள கட்டையில் தட்டும். ஒன்றில் கால் வெளியே இருக்க வேண்டும். முப்பது வருடமாக நான் இதை நான்கு எண்ணிக்கையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முகாமில் அப்படித்தான் சொன்னார்கள். பழக்கத்தில் நான்குக்குக் கால் வைத்தேன், கழி கணுக்காலைப் பிடித்துவிட்டது. ஒன்பது பாட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். ஒருவர் பையிலிருந்து தைலம் எடுத்துத் தேய்த்தார், ஒருவர் விசிறினார். வலி பெரிதில்லை. என்னிடம் படித்த அத்தனை பெண்களுக்கும் தாளத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேனே என்பதுதான் உறைத்தது.

மதியம் அவர்களோடுதான் சாப்பிட்டோம். பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் போட்ட கோழிச் சாறு எனக்கு. முருங்கையை இங்கே 'மலுங்காய்' என்கிறார்கள். பாட்டு டீச்சருக்காக ஒருவர் வீட்டுக்குப் போய், இறால் விழுது இல்லாமல் அதே கீரையைப் பூண்டோடு வதக்கிக் கொண்டுவந்தார்.

மே 17, சனி – ஒபாண்டோ

ஒபாண்டோவும் புலக்கான் மாகாணம்தான். மீன் பண்ணைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் ஊர், கடல் ஏறினால் தெருவில் தண்ணீர். ஆண்டுதோறும் மே 17, 18, 19 மூன்று நாளும் இங்கே ஊர் தெருவில் ஆடும். முதல் நாள் சான் பாஸ்குவால் பைலோனுக்கு, இரண்டாம் நாள் சாந்தா கிளாராவுக்கு, மூன்றாம் நாள் சலம்பாவ் மாதாவுக்கு. சலம்பாவ் என்பது மூங்கில் தெப்பத்தில் கட்டும் பெரிய மீன் வலை. 1763இல் அப்படி ஒரு வலையில் மாதா சிலை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். பிள்ளை வேண்டுவோர், வரன் வேண்டுவோர், நல்ல மீன்பாடு வேண்டுவோர் எல்லாரும் வேண்டுதலை ஆடித்தான் செலுத்த வேண்டும். ரிசால் 1887இல் வெளியிட்ட நாவலிலும் இந்த ஆட்டம் வருகிறது. நாயகியின் தாய் இங்கே ஆடிய பிறகுதான் கருவுறுகிறாள்.

காலைத் திருப்பலி முடிந்ததும் சிலைகள் தெருவுக்கு வந்தன. அவற்றுக்கு முன்னால் வாத்தியக் குழு, அதற்கும் முன்னால் ஜனம். பெண்கள் நீண்ட பாவாடை, ஆண்கள் வெள்ளைச் சட்டை, தலையில் ஓலைத் தொப்பி. அதே மூன்று எண்ணிக்கை. கைகள் தலைக்கு மேல், இடுப்பில் அசைவு, இரண்டடி முன்னே வைத்து ஓர் அடி வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று படித்த தாள் மனதில் இருந்ததால் முதல் கால் மணி நேரம் குமிந்தாங்கைத் தேடினேன். கிடைத்தது, ஆனால் நூறு பேரிடம் நூறு விதமாக. மீன் வெட்டும் கை போல ஒருத்திக்கு. மாவு பிசைவது போல ஒருவருக்கு. ஒரு சிறுவன் கையைத் தண்ணீர் உதறுவது போல் உதறினான். தாளில் இருந்தது ஒரு கை, தெருவில் ஆடியவை எல்லாம் அதன் அக்கா தங்கைகள்.

எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. இருவர் காலிலும் செருப்பில்லை. அவள் தொட்டில் குழந்தைக்குப் போடும் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். திரும்பும்போதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கணவனுக்கு ஆட்டம் வரவில்லை, வெட்கத்தோடு காலை இழுத்தான். தார்ச்சாலை கொதித்தது. நாற்பது நிமிடம் பின்னால் நடந்தேன், அவள் ஒரு தாளம்கூட விடவில்லை. சற்றுத் தள்ளி, கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஒருத்தி ஆடிவந்தாள். அவள் வேண்டுதல் பலித்தவள், நன்றி சொல்ல வந்திருக்கிறாள். இருவரும் ஒரு திருப்பத்தில் அருகருகே வந்தபோது, குழந்தைக்காரி எதுவும் பேசாமல் குழந்தையின் காலை எடுத்து மற்றவள் கையில் வைத்தாள். சில விநாடிதான். இசை நகர்ந்தது, கூட்டமும் நகர்ந்தது.

போருக்குப் பிறகு சில காலம் இந்த ஆட்டத்தை நிறுத்திவைத்திருந்தார்கள், 1972இல்தான் மீண்டும் உயிர் வந்தது. இடைப்பட்ட அந்த வருடங்களில் என்னவெல்லாம் மறந்துபோயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பெருங்கூட்டத்தில் என் பணப்பை விழுந்துவிட்டது. 1,800 பெசோவும் தங்குமிடத்தின் சாவி அட்டையும். பத்து நிமிடம் கழித்து ஒரு பையன் ஓடி வந்து கொடுத்தான். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. என் வலது கையைப் பிடித்துத் தன் நெற்றியில் தொட்டுக்கொண்டான். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது. அவன் அம்மா வாசலில் நின்று 'காயின் தாயோ' என்று கூப்பிட்டார். சாப்பிட வாருங்கள். திருவிழா நாளில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் இந்த அழைப்புதான். போய் உட்கார்ந்தோம். வாழையிலை மேல் பால்கெண்டை மீன், புளிச்சாறு, வள்ளைக்கீரை, முள்ளங்கி. பாட்டு டீச்சருக்குத் தேங்காய்ப் பாலில் வெந்த ஒட்டரிசி. எங்கள் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு – அறையிலேயே

கால் வீங்கிவிட்டது. வெளியே மழை.

பாட்டு டீச்சர் நேற்றைய இசையை ஸ்வரப்படுத்திக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பாயனிஹான் குழுவின் ஆட்டங்களைப் பார்த்தோம். 1957இல் ஹெலினா பெனிடெஸ் தொடங்கிய குழு, 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடி ஊரையே எழுந்து நிற்க வைத்தது. ஆட்டங்களை மேடைக்கு அமைத்தவர் லுக்ரேசியா ரெயெஸ் உர்துலா. தெற்கே மின்டனாவோ தீவில் வாழும் மரனாவ் மக்களின் சிங்கில் ஆட்டத்தை அவர் அமைத்த விதம் ஒரு காவியம், குறுக்கும் நெடுக்குமாக மோதும் மூங்கில்களுக்கு நடுவே இளவரசி கண் இமைக்காமல் நடக்கிறாள். இது எங்கள் ஆட்டமே இல்லை என்று மரனாவ் மக்களிலேயே சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை ஒதுக்க முடியாது. அதே குழுவில் ஆடிய ரமோன் ஒபூசான் 1972இல் தனிக் குழு தொடங்கி, ஊரில் ஆடுவதற்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக மேடையேற்றினார், அந்த ஊர்களுக்கே போய்த் தங்கிக் கற்று வந்து. நேற்றைக்கு முன் கேட்டிருந்தால் உர்துலா பக்கம் சாய்ந்திருப்பேன். ஒபாண்டோ தெருவில் நடந்த பிறகு என் மனம் ஒபூசான் பக்கம் இருக்கிறது. ஆனால் இருவர் கையிலும் முதலில் இருந்தது லோலோம்பாய்க்காரியின் புத்தகம்.

மே 19, திங்கள் – ரோஹாஸ் சாலை, விமான நிலையம்

இரவு விமானம். காலையில் ரமோன் மகசேசே மையக் கட்டடத்தின் முன்னால் நின்றோம். அக்கினோவுக்கு 1962இல் மகசேசே விருது கிடைத்தது, அரசுப் பணிக்கான பிரிவில். பள்ளி வேலை பார்த்துக்கொண்டே ஆட்டம் திரட்டியவர் அல்லவா. 1973இல் நடனத்துக்கான முதல் தேசியக் கலைஞரும் அவரே. எம்.எஸ். அம்மாவுக்கு இதே விருது 1974இல், பொதுச்சேவைக்காக. பாட்டு டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கைகூப்பினார். காவலர் எதுவும் கேட்கவில்லை. பாட்டு டீச்சர் கூப்பிய கையை எடுக்கும்வரை அந்தப் பக்கம் வந்த சுற்றுலாக் கூட்டத்தைச் சற்று நிறுத்திவைத்திருந்தார்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம், இடி மின்னல். நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் ஊரில் என் அப்பாவின் அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கும்மி உண்டு. முளைப்பாரிக்கு ஆடுவது. அதைச் சுருக்கித்தான் பள்ளியில் ஆட வைத்தேன், முழுதாக யாருக்கும் கொடுத்ததில்லை. லோலோம்பாயின் தாள்களைப் போலவே தலைப்பிட்டேன். ஊர். உடை. பாட்டு. வட்டம், பெண்கள் பன்னிரண்டு பேர், முகம் உள்நோக்கி. வலது கால் முன்னே, எண்ணிக்கை ஒன்று. குனிந்து ஒரு தட்டு, எண்ணிக்கை இரண்டு. நிமிர்ந்து, வலப்பக்கம் திரும்பி, எண்ணிக்கை மூன்று.

நான்காவதில் அத்தைப் பாட்டியின் இடது கை ஏதோ செய்யும். முழங்கையிலிருந்து ஒரு சுழற்சி, தட்டுவதற்கு முன்னால். பாட்டு டீச்சர் மெல்லப் பாடினார், நான் நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து நின்று ஆடிப் பார்த்தேன். கை உள்பக்கமா, வெளிப்பக்கமா? இரண்டு விதமாகவும் ஆடினேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஐந்தாவது எண்ணிக்கையை எழுதினேன். அத்தைப் பாட்டியின் மகளுக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஊரில்தான் இருக்கிறார். விடிந்ததும் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.